கொலுசுப் பட்டறை நோட்டிலிருந்து முதல் புரோகிராமர் வேலை: போர்ட்ஃபோலியோ செய்வது எப்படி?

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி சேலம் புது பஸ் ஸ்டாண்டில் பெங்களூரு பஸ்ஸுக்கு நிற்கும் பிள்ளைகளில் சிலர் மறுநாள் இன்டர்வியூவுக்குப் போகிறவர்கள். நானும் அப்படி நின்றிருக்கிறேன். என் முதல் ரெஸ்யூமில் மூன்று புராஜெக்ட் இருந்தன: கால்குலேட்டர், டு-டூ லிஸ்ட், வானிலை சொல்லும் ஆப். மூன்றும் யூடியூபைப் பார்த்து வரிக்கு வரி தட்டியவை. எதிரில் இருந்தவர் கேட்டது ஒரே கேள்வி: "இதை யாராவது பயன்படுத்துகிறார்களா?" என்னிடம் பதில் இல்லை. பத்தே நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன்.

இப்போது புதியவர்களை இன்டர்வியூ செய்யும் இடத்தில் நான் இருக்கிறேன். அதே கால்குலேட்டர், அதே டு-டூ லிஸ்ட் வந்துகொண்டே இருக்கின்றன. செய்த பிள்ளைகள் திறமை இல்லாதவர்கள் அல்ல. அந்த ரெஸ்யூமை வைத்து அவர்களிடம் பேச எனக்கு எதுவும் கிடைப்பதில்லை, அவ்வளவுதான். போர்ட்ஃபோலியோவுக்கு, அதாவது நீங்கள் செய்த வேலையைக் காட்டும் தொகுப்புக்கு, ஒரே ஒரு புராஜெக்ட் போதும். ஆனால் அது உங்களுக்குத் தெரிந்த ஒரு மனிதரின் நிஜமான சிக்கலைத் தீர்க்க வேண்டும்.

முதல் படி: லேப்டாப்பை மூடிவிட்டு வெளியே போங்கள்

சேலத்தில் இருப்பவர்களுக்கு இதில் பெரிய வசதி உண்டு. செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக்கொலுசுப் பட்டறைகள். சுற்று வட்டாரத்தில் ஜவ்வரிசி ஆலைகள். அங்கே மரவள்ளிக் கிழங்குக்கு மாவுச்சத்தை அளந்து பாயிண்ட் கணக்கில் விலை போடுகிறார்கள். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் ஏற்காடு. அங்கே காபித் தோட்டங்களில் பழம் பறிப்பவர்களுக்குக் கிலோ கணக்கில் கூலி. எங்கே போனாலும் ஒரு நீள நோட்டு இருக்கும். அந்த நோட்டுதான் உங்கள் புராஜெக்ட்.

நான் போனது சொந்தக்காரர் ஒருவரின் கொலுசுப் பட்டறைக்கு. மூன்று நாள் சாயங்காலம் சும்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். வெள்ளியைக் கொடுக்கிறார், வேலை முடிந்த கொலுசை வாங்குகிறார், நோட்டில் எழுதுகிறார், வார முடிவில் கால்குலேட்டரோடு மல்லுக்கட்டுகிறார். "எங்கண்ணா சிக்கல்?" என்று கேட்டேன். "யார்கிட்ட எவ்வளவு வெள்ளி நிக்குதுன்னு சட்டுன்னு சொல்ல முடியலப்பா. பக்கம் பக்கமா புரட்டணும்" என்றார். என் புராஜெக்ட் என்ன செய்ய வேண்டும் என்பது அந்த ஒரு வரியில் இருந்தது.

போகும்போது "ஒரு ஆப் செய்து தருகிறேன்" என்று ஆரம்பிக்காதீர்கள். "உங்க கணக்கு எப்படிப் போகுதுன்னு தெரிஞ்சுக்கணும்" என்று கேளுங்கள். மனம்விட்டுச் சொல்வார்கள்.

இரண்டாம் படி: வேலையைச் சுருக்குங்கள்

பில், ஸ்டாக், சம்பளம், வாட்ஸ்அப் மெசேஜ் எல்லாம் செய்ய ஆசை வரும். வேண்டாம். ஒரே ஒரு கேள்விக்கு விடை சொல்லும் ஆப் போதும். என்னுடையது: இந்த ஆளிடம் இன்றைக்கு எவ்வளவு சுத்த வெள்ளி பாக்கி?

கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பாருங்கள். டச் என்பது நூறு பங்கில் எத்தனை பங்கு சுத்த வெள்ளி என்ற அளவு. கொலுசின் எடையை அதன் டச்சால் பெருக்கி 100ஆல் வகுத்தால் அதிலுள்ள சுத்த வெள்ளி வரும். ஒருவருக்கு 500 கிராம் சுத்த வெள்ளி கொடுத்தீர்கள். அவர் 80 டச்சில் 600 கிராம் கொலுசு திருப்பித் தந்தார். அதில் சுத்தம் 480 கிராம். பேசிக்கொண்ட சேதாரம் 5 கிராம் என்று வைத்தால், அவரிடம் நிற்பது 15 கிராம். இதைக் கையால் போடத் தெரியாமல் புரோகிராம் கோடு (code) எழுத உட்காராதீர்கள். காகிதத்தில் போட்ட இந்தக் கணக்கே, ஆப் சரியாகக் கணக்கிடுகிறதா என்று பார்க்கும் டெஸ்டாகவும் பின்னால் ஆகும்.

மூன்றாம் படி: தெரிந்த கருவியை எடுங்கள்

பைத்தான் தெரிந்தால் பைத்தான், அதில் வெப் ஆப் எழுத உதவும் ஃபிளாஸ்க், பதிவுகளை ஒரே ஃபைலில் சேமிக்கும் டேட்டாபேஸான எஸ்க்யூலைட். ஜாவா தெரிந்தால் ஜாவா. எது "டிரெண்ட்" என்று தேடுவதில் ஒரு வாரம் போய்விடும். இதற்கு இரண்டு டேபிள் போதும். ஒன்றில் ஆட்கள். இன்னொன்றில் பதிவுகள்: தேதி, யார், கொடுத்ததா வாங்கியதா, எடை, டச், குறிப்பு.

நான்காம் படி: எடையும் பணமும்

இங்கே கொஞ்சம் நிதானமாக நில்லுங்கள். இன்டர்வியூவில் உங்களை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டப் போவது இந்த இடம்தான்.

பைத்தானில் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டிப் பாருங்கள். 0.30000000000000004 என்று வரும். கணினி எண்களை இரும எண்ணாகச் சேமிக்கிறது. மூன்றில் ஒரு பங்கை 0.333 என்று எவ்வளவு நீளமாக எழுதினாலும் முடியாதது போல, 0.1ஐ இரும எண்ணில் முழுசாக எழுத முடியாது. ஒரு பதிவில் இந்தப் பிசகு கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஆப் போட்ட கூட்டலும் நோட்டும் ஒத்துப்போகிறதா என்று சரிபார்க்கும்போது, பாக்கி பூஜ்யம் ஆக வேண்டிய இடத்தில் ஏதோ ஒரு துளி மிச்சம் நிற்கும். வெள்ளி வியாபாரத்தில் அந்தத் துளிக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

அதனால் எடையை மில்லிகிராமில், முழு எண்ணாகச் சேமியுங்கள். 480 கிராம் என்றால் 480000. பணமாக இருந்தால் பைசாவில். டச் 80.5 என்று வரக்கூடும் என்பதால் அதைப் பத்தால் பெருக்கி 805 என்று வையுங்கள். திரையில் காட்டும்போது மட்டும் கிராமாக மாற்றுங்கள். வகுக்கும்போது மீதி வந்தால் எந்தப் பக்கம் முழுமையாக்குவது என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். பட்டறைக்காரரைக் கேளுங்கள், அவர் சொன்னதை எழுதி வையுங்கள்.

இன்னொன்றையும் அவர்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தார். நான் முதலில் ஒவ்வொரு பதிவுக்கும் பக்கத்தில் ஒரு அழிக்கும் பட்டன் வைத்திருந்தேன். பார்த்ததும் முகம் மாறிவிட்டது. "கணக்குல அழிக்கக் கூடாதுப்பா. தப்புன்னா கீழ திருப்பி எழுதணும்" என்றார். அந்தப் பட்டனை எடுத்துவிட்டு, தவறான பதிவுக்கு எதிர்ப்பதிவு போடும் வழியை வைத்தேன். பழசும் இருக்கும், திருத்தமும் இருக்கும். எனக்கு வேலை கிடைத்த இன்டர்வியூவில் நான் அதிக நேரம் பேசியது இதைப் பற்றித்தான்.

ஐந்தாம் படி: முதல் நாளிலிருந்தே கிட்

லினக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் அந்த வேலைக்காக எழுதிய கருவி கிட் (Git). கோடில் செய்யும் மாற்றங்களை அது வரிசையாகப் பதிந்து வைக்கும். அதில் வைத்த புரோகிராமை நாலு பேர் பார்க்க வைக்கும் இடம் கிட்ஹப். முழுசாக முடித்துவிட்டு ஒரே மூட்டையாக ஏற்றாதீர்கள். வேலை எப்படி வளர்ந்தது என்பது வெளியே தெரிய வேண்டும். ஒரு சின்ன மாற்றம், ஒரு கமிட் (குறிப்போடு கிட்டில் பதியும் ஒரு பதிவு). "அப்டேட்" என்று மட்டும் எழுதினால் யாருக்கும் எதுவும் புரியாது. "எடையை மில்லிகிராமில் சேமிக்க மாற்றினேன்" என்று எழுதினால் ஆறு மாதம் கழித்து உங்களுக்கே உதவும்.

பாஸ்வேர்டு, ஏபிஐ கீ (வேறொரு சேவையைப் பயன்படுத்தத் தரும் ரகசியச் சாவி) எதுவும் கோடுக்குள் வரக் கூடாது. தனி ஃபைலில் வைத்து, அந்த ஃபைலின் பெயரைக் கிட்இக்னோரில் (கிட் கண்டுகொள்ளக் கூடாத ஃபைல்களின் பட்டியல்) சேர்த்துவிடுங்கள். தவறிப்போய் ஏறிவிட்டால், அடுத்த கமிட்டில் அழித்தாலும் பழைய கமிட்டில் அது இருந்துகொண்டே இருக்கும். அந்தக் கீயை உடனே ரத்து செய்து புதிதாக ஒன்று எடுங்கள்.

அப்புறம், பட்டறையின் உண்மையான கணக்கு ஒரு வரிகூட இணையத்துக்குப் போகக் கூடாது. யாரிடம் எவ்வளவு வெள்ளி நிற்கிறது என்பது வெளியே தெரிந்தால் அது அவருடைய பாதுகாப்புக்கே ஆபத்து. அவர் உங்களை நம்பி நோட்டைக் காட்டியிருக்கிறார். பொதுவில் வைக்கும் ஆப்பில் கற்பனைப் பெயர்களும் கற்பனை எடைகளும் மட்டும் இருக்கட்டும்.

ஆறாம் படி: ரீட்மீ

கிட்ஹப்பில் ஒரு புராஜெக்டின் ஃபைல்கள் இருக்கும் இடம் ரெப்போ. அதைத் திறந்ததும் முதலில் கண்ணில் படுவது ரீட்மீ என்ற அறிமுகப் பக்கம்தான். ஆனால் பலர் கடைசி நாள் ராத்திரியில் இரண்டு வரி எழுதி முடித்துவிடுகிறார்கள். இது யாருக்கு, என்ன சிக்கல், எப்படித் தீர்த்தேன், எப்படி ஓட்டிப் பார்ப்பது, இன்னும் எது பாக்கி: இவ்வளவும் எளிய ஆங்கிலத்தில் ஒரு பக்கத்துக்குள் வரட்டும். ஸ்கிரீன்ஷாட் ஒன்றும் சேர்த்துவிடுங்கள். எழுதிய பிறகு ஒரு நண்பரின் லேப்டாப்பில் அதை மட்டும் பார்த்து ஓட்டச் சொல்லுங்கள். நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. அவர் எங்கே தடுமாறுகிறாரோ அங்கே ரீட்மீயைத் திருத்துங்கள்.

ஏழாம் படி: இணையத்தில் ஏற்றுவது

ரெண்டர் போன்ற இலவச சேவைகளில் ஃபிளாஸ்க் ஆப்பை ஏற்றலாம். இலவசத் திட்டத்தில் கொஞ்ச நேரம் யாரும் வராவிட்டால் ஆப் தூங்கிவிடும், முதல் தடவை திறக்க நேரம் பிடிக்கும். இன்டர்வியூவுக்கு ஐந்து நிமிடம் முன்பு நீங்களே ஒருமுறை திறந்து வையுங்கள். அங்கே எஸ்க்யூலைட் ஃபைலும் நிலைக்காது, ஆப் மறுபடி தொடங்கும்போது பதிவுகள் போய்விடும். மாதிரிக் கணக்குத் தானாக நிரம்பும்படி ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதிவிட்டால் அந்தக் கவலை இல்லை. பட்டறையில் ஓடுவது அவருடைய கம்ப்யூட்டரிலேயே ஓடட்டும். தினமும் ஒரு பென்டிரைவில் பேக்கப் எடுக்கப் பழக்குங்கள்.

ஏற்காட்டுத் தோட்டத்துக்குச் செய்கிறவர்களுக்குத் தனியாக ஒரு சவால் உண்டு. மலையில் எல்லா இடத்திலும் சிக்னல் கிடைக்காது. பழம் எடை போடும் இடத்தில் போனிலேயே சேமித்து, சிக்னல் வந்ததும் அனுப்பும்படி செய்ய வேண்டியிருக்கும். கஷ்டம்தான், ஆனால் அதைச் செய்து காட்டினால் உங்களிடம் பேச நிறைய இருக்கும்.

எட்டாம் படி: உங்களுக்கென ஒரு பக்கம்

கிட்ஹப்பில் உங்கள் பயனர் பெயரிலேயே ஒரு பொது ரெப்போ தொடங்கி அதில் ரீட்மீ வைத்தால், அது உங்கள் முகப்பில் தெரியும். பயனர் பெயரோடு டாட் கிட்ஹப் டாட் ஐஓ சேர்த்து இன்னொரு ரெப்போ தொடங்கினால் கிட்ஹப் பேஜஸில் இலவசமாகத் தனித் தளம் கிடைக்கும். பெயர், இரண்டு வரி அறிமுகம், அந்த ஒரு புராஜெக்ட், மெயில் முகவரி. இது போதும். "ஜாவா 90%, பைத்தான் 80%" என்று பட்டை போட்டுக் காட்டாதீர்கள், அந்தச் சதவீதத்துக்கு அர்த்தமே இல்லை. கிட்ஹப் முகப்பில் ஆறு ரெப்போ வரை பின் (pin) செய்து முன்னால் காட்டலாம். நல்லதாக இரண்டு இருந்தால் இரண்டை மட்டும் காட்டுங்கள்.

இன்டர்வியூவுக்குப் போகும் முன்

ஏஐயிடம் உதவி கேட்டு எழுதுவதில் தப்பில்லை. ஆனால் எந்த வரியைக் காட்டிக் கேட்டாலும், அது ஏன் அங்கே இருக்கிறது என்று உங்களுக்குச் சொல்லத் தெரிய வேண்டும். சொல்ல முடியாத வரியை எடுத்துவிட்டு, உங்களுக்குப் புரிந்த மாதிரி திருப்பி எழுதுங்கள்.

வீட்டில் யாரிடமாவது இரண்டு நிமிடத்தில் புராஜெக்டைச் சொல்லிப் பழகுங்கள். நான் என் அம்மாவிடம் சொன்னேன். நோட்டு, சிக்கல், அந்த 15 கிராம் கணக்கு, அழிக்கும் பட்டனை எடுத்த கதை என்ற வரிசை அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. போகிற இடத்தில் நெட் இல்லாமல் போகலாம். ஆப் ஓடுவதை ஒரு நிமிட வீடியோவாகப் போனில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பஸ் ஏறும் முன்பு போனையும் லேப்டாப்பையும் முழுசாகச் சார்ஜ் போட்டுவிடுங்கள்.