நகரத் தொண்டு இல்லத்தில் காலமறிந்து வாழ்வது எப்படி?

1933-ஆம் ஆண்டு மே 1 அன்று நியூயார்க்கின் யூனியன் சதுக்கத்தில் அமெரிக்கக் கத்தோலிக்க இதழாளர் டாரதி டேயின் ‘கத்தோலிக்கத் தொழிலாளர்’ செய்தித்தாள் முதன்முறையாக ஒரு சென்ட் விலைக்கு விற்கப்பட்டது. அந்தச் செய்தித்தாளைச் சுற்றி அதே பெயரில் உருவான இயக்கத்திலிருந்து கிளைத்த விருந்தோம்பல் இல்லங்கள் இன்றும் பல நகரங்களில் ஏழைகளுக்கு உணவும் தங்க இடமும் அளித்து வருகின்றன. அங்கே தொண்டாற்றச் சேர்பவர் துறவியரைப்போல் இறைவனுக்கு வாக்களிக்கும் வார்த்தைப்பாடு எதுவும் கொடுப்பதில்லை, ஊதியமும் பெறுவதில்லை. எப்போது சேர்வது, எப்போது ஓய்வது, எப்போது விடைபெறுவது என்று வரையறுக்கும் துறவற சபை ஒழுங்கு இல்லாததால், தம் வாழ்வின் பருவத்தைத் தாமே கணித்து முடிவெடுக்கும் பொறுப்பு ஒவ்வொருவர் மீதும் விழுகிறது.

சேர விரும்புபவர் முதலில் சில வாரங்கள் விருந்தினராகத் தங்கிப் பார்ப்பது நல்லது. அதன்பின் ஆறு மாதமோ ஓராண்டோ ஒரு கால அளவைச் சொல்லிச் சேருங்கள். முதல் வாரத்திலேயே வாழ்நாளை ஒப்புக்கொடுப்பதாகச் சொல்பவர்களிடம் எனக்குச் சற்றுத் தயக்கம் உண்டு. கல்விக் கடன், மருத்துவக் காப்பீடு, ஊரில் உங்களை நம்பியிருக்கும் பெற்றோர் ஆகியவற்றை மறைக்காமல் பேசிவிடுங்கள். தொடக்க மாதங்களில் கிடைக்கும் வேலை பெரும்பாலும் சமையலறையில்தான் இருக்கும். சூப் அண்டா அடுப்பேறுவதற்கு முன் வெங்காயம் நறுக்குவதும், வரிசை கலைந்தபின் தரையைத் துடைப்பதும் ஒருவருக்குப் பிடிபட்டுவிட்டால் மற்றவை தாமே பின்வரும். காப்பியில் நான்கு கரண்டி சர்க்கரை கேட்பவரிடம் இரண்டு போதாதா என்று சொல்ல நாக்கு துடிக்கும், சொல்லாதீர்கள், போட்டுக்கொடுங்கள்.

கடினமான பருவம் பெரும்பாலும் தொடக்க உற்சாகம் அடங்கியபின் வருகிறது. சோர்வு முதலில் இல்லத்துக்கு வரும் ஏழை விருந்தினர்மீது எரிச்சலாக வெளிப்படுவதில்லை. உடன் உழைப்பவர் பாத்திரத்தைக் கழுவாமல் வைத்ததும், கதவுமணிக்கு எழுந்து போகாததும் பெருங்குற்றங்களாகத் தோன்றத் தொடங்கும். செபத்திலும் வறட்சி தட்டும். இந்நிலையில் செபத்தைக் கூட்டவும் வேண்டாம், கைவிடவும் வேண்டாம்; வழக்கமான திருப்பாடலையும் திருப்பலியையும் அதே நேரத்தில், சுவையில்லாமலேயே தொடருங்கள். வாரத்தில் ஒரு நாளாவது இல்லத்துக்கு வெளியே கழியட்டும். உங்கள் இல்லத்தைச் சேராத ஓர் ஆன்ம வழிகாட்டியைத் தேடிக்கொள்ளுங்கள், ஏனெனில் உடன் வாழ்பவரிடம் செய்யும் முறையீடு எளிதில் கட்சி சேர்ப்பதாக மாறிவிடும். வடக்கு நாடுகளில் தவக்காலம், அதாவது ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலம், குளிர்காலத்தின் பிற்பகுதியில் வருவதால் இல்லம் நெருக்கடியாகவும் தொண்டர்கள் களைத்தும் இருப்பார்கள். விலகுவதா இருப்பதா என்ற முடிவை ஈஸ்டரைத் தொடரும் பாஸ்கா காலம் வரை தள்ளிப்போடுவதே என் அறிவுரை.

தற்காலிகமாக விலகுவது தோல்வியும் அன்று. இரண்டாம் உலகப் போரின்போது போர் எதிர்ப்பு நிலைப்பாட்டால் செய்தித்தாள் வாசகர்களை இழந்தது. பல இல்லங்கள் மூடப்பட்டன. அந்த நெருக்கடிக்கு நடுவே, 1943-இல், டாரதி டே ஓராண்டு விடுப்பு என வெளிப்படையாக அறிவித்து ஒதுங்கினார். ஆண்டு முடியுமுன்பே திரும்பியும் வந்தார். நீங்களும் விடுப்பு எடுப்பதானால் திடீரென மறைந்துவிடாமல் நாளைச் சொல்லுங்கள்; கணக்கேட்டையும் சாவியையும் ஒருவரிடம் ஒப்படையுங்கள்; இடையில் தொலைபேசியில் நிர்வாகம் செய்யாதீர்கள்.

திருமணமும் குழந்தைகளும் வரும்போது ஏற்பாடு மாறியே ஆக வேண்டும். டேயின் மகள் தாமர், இயக்கம் தொடங்கியபோது ஏழு வயதுச் சிறுமி. இல்லத்தின் நெரிசலிலும் தாயின் ஓயாத பயணங்களிலும் வளர்ந்தவர். விரும்பி ஏற்கும் வறுமை பெற்றோருடையது. குழந்தை எதையும் விரும்பி ஏற்கவில்லை. எனவே அருகிலேயே தனி வீடு, பூட்டக்கூடிய கதவு, இரவு உணவுக்குக் குடும்பம் மட்டும் என்ற அளவில் எல்லை வகுத்துக்கொள்ளுங்கள். பகுதிநேர வேலைக்குப் போவதும் குறையில்லை.

முதுமையைப் பற்றி இளையவர்கள் நிறைந்த இல்லங்களில் யாரும் பேசுவதில்லை. இயக்கத்தை டேயுடன் சேர்ந்து நிறுவிய பீட்டர் மாரின், நாள் முழுவதும் விவாதித்துக்கொண்டே இருந்தவர், தம் இறுதி ஆண்டுகளில் சிந்திக்கும் ஆற்றலை இழந்து பிறர் பராமரிப்பில் வாழ்ந்து 1949-இல் இறந்தார். டேயும் 1976-இல் மாரடைப்பு கண்டபின் பெரும்பாலும் ஒதுங்கி, நியூயார்க்கில் பெண்களுக்கான மேரி இல்லத்தில் தங்கி 1980 நவம்பர் 29 அன்று அங்கேயே காலமானார். இல்லத்திலேயே முதுமை அடைய விரும்புபவர்க்குப் படியேறாமல் போகக்கூடிய அறை எது, மருத்துவமனைக்கு யார் உடன்செல்வார், செலவை எங்கிருந்து எடுப்பது என்பவற்றை அவர் நலமாக இருக்கும்போதே அவரையும் வைத்துக்கொண்டு பேசி எழுதிவையுங்கள். அவர் உட்கார்ந்தபடியே செய்யக்கூடிய வேலை ஒன்றை, இதழ்களில் முகவரிச் சீட்டு ஒட்டுவது போன்ற ஒன்றை, யாரும் விரைவுக்காகப் பறித்துக்கொள்ளாமல் அவருக்கென்றே விட்டுவையுங்கள்.