பல் டாக்டர் என்றாலே நடுக்கமா? ரூட் கேனலை நடுவில் விடாமல் முடிப்பது எப்படி

ரூட் கேனல் என்பது பல்லுக்குள் கெட்டுப்போன நரம்பை எடுத்து, சுத்தம் செய்து அடைக்கும் சிகிச்சை; பெரும்பாலும் சில தவணையாக நடக்கும். முதல் தடவை நம்மைக் கிளினிக்குக்கு இழுத்துப் போவது பல்வலி. இரவெல்லாம் கிராம்பைக் கடித்துக்கொண்டு விழித்திருந்தவருக்குப் பயப்பட நேரம் ஏது? வம்பு இரண்டாவது தடவையில்தான். வலி போயிருக்கும், பயம் மட்டும் திரும்பி வந்திருக்கும். "இப்பதான் வலிக்கலையே, அடுத்த மாசம் பார்த்துக்கலாம்" என்று மனசு வக்காலத்து வாங்கும். மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் எனக்குத் தெரிந்த பலர் இப்படித்தான் நடுவில் விட்டார்கள். நானும் ஒரு பல்லை விட்டேன். தற்காலிக அடைப்பு தேய்ந்து உதிர்ந்து, பல் பிளந்து, கடைசியில் பிடுங்க வேண்டியதாயிற்று. அடுத்த பல்லுக்கு எல்லாத் தவணையும் முடித்தேன். அந்த அனுபவத்தில் கற்றதை வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: எது பயம் என்று பிரித்துப் பாருங்கள்

"பல் டாக்டர் பயம்" என்று ஒட்டுமொத்தமாகச் சொன்னால் எதுவும் செய்ய முடியாது. ஊசியா, துளைக்கும் சத்தமா, மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுவதா, "ஏன் இவ்வளவு நாள் வரல?" என்று திட்டு விழுமோ என்பதா? எனக்கு வாடை. தோட்டப் பள்ளியில் படித்தபோது பல் பார்க்கும் குழு வரும். வரிசையில் நிற்கும்போதே அந்த மருந்து வாடை வயிற்றைப் பிசையும். வளர்ந்த பிறகும் அந்த வாடை பட்டால் நான் எட்டு வயசுப் பையன்தான்.

அளந்து பார்க்க ஐந்து கேள்விகள் கொண்ட முறை ஒன்று 1995 முதல் இருக்கிறது. நாளைக்குப் பல் டாக்டரிடம் போக வேண்டும் என்றால், காத்திருக்கும்போது, துளைக்கப் போகும்போது, பல் சுத்தம் செய்யும்போது, ஈறில் ஊசி போடும்போது, எவ்வளவு பதற்றம் என்று ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் போட வேண்டும். கூட்டினால் 19 அல்லது அதற்கு மேல் வந்தால் பயம் கடுமையானது என்று கொள்கிறார்கள். அப்படியானால் தனியாகச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். சிரிப்பு வாயு போன்ற மயக்க வழிகள் எங்கே கிடைக்கும் என்று முதல் சந்திப்பிலேயே கேளுங்கள்.

படி 2: வாய் திறந்து சொல்லுங்கள்

டாக்டர் தமிழராக இருக்க வேண்டும் என்பதில்லை. நான்கு மலாய் வாக்கியம் போதும். "சயா தாக்குட், டாக்டர்" (எனக்குப் பயமாக இருக்கிறது). "கலாவ் சயா அங்காட் தாங்கான், தோலோங் பெர்ஹெந்தி" (நான் கையைத் தூக்கினால் நிறுத்துங்கள்). "பெலும் கெபாஸ்" (இன்னும் மரத்துப் போகவில்லை). "சகிட்" (வலிக்கிறது). நாற்காலியில் சாய்வதற்கு முன்பே இவற்றைச் சொல்லிவிடுங்கள். வாயில் குழாயும் பஞ்சும் இருக்கும்போது எந்த மொழியிலும் பேச முடியாது. ஒரு தடவை கையைத் தூக்கி, டாக்டர் உண்மையிலேயே நிறுத்துவதைப் பார்த்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும். நான் வலிக்காதபோதே சும்மா தூக்கிப் பார்த்தேன். மிஸ்ஸி (நர்ஸ்) சிரித்துவிட்டார்.

படி 3: எந்தத் தவணையில் என்ன நடக்கும்

முதல் தவணைதான் கனமானது. ஈறில் மரக்கும் களிம்பு தடவி ஓரிரு நிமிடம் விட்டு, பிறகு ஊசி. ஊசியில் பெரும்பாலும் லிக்னோகேனும் கொஞ்சம் அட்ரினலினும் இருக்கும். அட்ரினலினால் சில நிமிடம் நெஞ்சு படபடக்கலாம். இது தெரியாத காலத்தில், பயத்தில்தான் இதயம் இப்படி அடிக்கிறது என்று நினைத்து இன்னும் பயந்தேன். மருந்தின் வேலை, தானாக அடங்கும். இதயக் கோளாறு இருந்தால் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

"எனக்கு ஊசி போட்டாலும் வேலை செய்யாது, மரக்காது" என்று நம் ஆட்கள் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. கடுமையாக வீங்கி வலிக்கும் பல்லைச் சுற்றி அமிலத்தன்மை கூடிவிடும், அதனால் மருந்து நரம்புக்குள் சரியாக நுழையாது. கீழ்க் கடைவாய்ப் பல்லில் இது அதிகம். "பெலும் கெபாஸ்" என்று சொன்னால் இன்னொரு ஊசி போடுவார்கள். வெட்கப்பட எதுவும் இல்லை.

அப்புறம் பல்லைச் சுற்றி மெல்லிய ரப்பர் தாள் ஒன்றைப் போர்த்துவார்கள். அந்த வாடை வந்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மா தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்; ஒட்டுப்பால் வாடையில் வளர்ந்தவன் நான். இந்தத் தாளும் பெரும்பாலும் பால்மரத்துச் சரக்குதான். இதற்கா பயந்தோம் என்று தோன்றிவிட்டது. (ரப்பர் ஒவ்வாமை இருந்தால் சொல்லுங்கள், மாற்றுத் தாள் உண்டு.) தாள் இருப்பதால் மருந்துத் தண்ணீரோ சின்னக் கருவியோ தொண்டைக்குள் போகாது. கொஞ்சம் குளோரோக்ஸ் (துணி வெளுக்கும் திரவம்) வாடை அடிக்கலாம். பல்லின் உள்ளே கழுவும் திரவம் அதே வகைதான். உள்ளே கெட்டுப்போன நரம்பை எடுத்து, அரம் போன்ற ஊசிகளால் தேய்த்து, மருந்து வைத்துத் தற்காலிகமாக அடைப்பார்கள்.

இரண்டாவது தவணையில் அந்தப் பல்லுக்குள் வலியை உணரும் நரம்பு பெரும்பாலும் இருக்காது. நாம் ஓடி ஒளிகிற தவணையே பெரும்பாலும் லேசானது! சுத்தம் செய்த குழாயில் கட்டபெர்ச்சா என்ற இளஞ்சிவப்புக் குச்சிகளை நிரப்புவார்கள். மலாயில் 'கெத்தா பெர்ச்சா', இந்தத் தீபகற்பத்துக் காட்டு மரத்தின் பால். நம் தோட்டத்துப் பால்மரம் பிரேசிலில் இருந்து வந்தது, இதுவோ இந்த மண்ணின் மரம். மூன்றாவது தவணை நிரந்தர அடைப்பு. கடைவாய்ப் பல் என்றால் மேலே தொப்பி (பல்லை மூடும் உறை) போடவும் சொல்வார்கள். எத்தனை தவணை என்பது பல்லுக்குப் பல் மாறும். கடைவாய்ப் பல்லுக்குச் சில கிளினிக்குகள் ஈப்போவில் உள்ள நிபுணரிடம் அனுப்பலாம். 30 கிலோமீட்டர் பஸ் பயணத்தில் பயம் வளர நிறைய நேரம் கிடைக்கும், யாரையாவது கூட்டிப் போங்கள்.

படி 4: போகும் நாள்

காலை நேரமாகக் கேட்டு வாங்குங்கள். மாலை என்றால் நாள் முழுக்க மனசு அங்கேதான் இருக்கும். வெறும் வயிற்றோடு போகாதீர்கள், மயக்க மருந்துக்காக டாக்டரே சாப்பிட வேண்டாம் என்றால் தவிர. இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) உள்ளவர்கள் வழக்கம்போல் சாப்பிட்டு மருந்தும் எடுத்துக்கொண்டு போங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் அதை நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். "தைரியத்துக்கு" ஒரு கிளாஸ் கள் என்பது வேண்டவே வேண்டாம். பல்லோரம் பனடோல் மாத்திரையை வைத்து அழுத்துவதும் ஈறைப் புண்ணாக்கும். மாத்திரை விழுங்கத்தான்.

படி 5: நாற்காலியில்

மூக்கால் நான்கு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி மெதுவாக விடுங்கள். வெளியே விடுவது நீளமாக இருப்பதுதான் முக்கியம். காதில் பாட்டு போட்டுக்கொள்ளக் கேளுங்கள், பெரும்பாலும் விடுவார்கள். நான் மின்னல் எஃப்எம் கேட்டேன். நடுவில் விளம்பரம் வந்தபோதுதான் துளைக்கும் சத்தம் காதில் விழுந்தது.

ஊசியைப் பார்த்தால் தலை சுற்றி விழுகிறவர்களுக்கு வேறு வழி. தளர்ந்து படுத்தால் ரத்த அழுத்தம் இன்னும் இறங்கும். கை, கால், வயிற்றுத் தசைகளைப் பத்துப் பதினைந்து வினாடி இறுக்கி, அரை நிமிடம் விட்டு, மறுபடி இறுக்குங்கள். வீட்டிலேயே ஐந்தாறு நாள் பழகிக்கொள்வது நல்லது.

படி 6: தவணைகளுக்கு நடுவில்

அடுத்த தேதி வாங்காமல் கிளினிக்கை விட்டு வெளியே வராதீர்கள். அட்டையை வீட்டில் கண்டிப்பான ஆளிடம் கொடுங்கள். எங்கள் வீட்டில் அது அக்கா, அவரிடம் சாக்கு எடுபடாது. உதடு சில மணி நேரம் மரத்திருக்கும், அது தெளியும் வரை சூடான கோப்பி வேண்டாம். இரண்டு மூன்று நாள் கடித்தால் லேசாக வலிப்பது வழக்கம், மறுபக்கம் மெல்லுங்கள். முகம் வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, விழுங்கவோ மூச்சு விடவோ கஷ்டமானாலோ தேதிக்குக் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கடைசித் தவணையில் வண்ணக் காகிதம் ஒன்றைக் கடிக்கச் சொல்வார்கள். அடைப்பு உயரமாகப் பட்டால் "மாசிஹ் திங்கி" (இன்னும் உயரமாக இருக்கிறது) என்று அப்போதே சொல்லுங்கள். மரத்த வாய்க்கு அது சரியாகத் தெரியாமல் போகலாம். மறுநாள் சாப்பிடும்போது அந்தப் பல் மட்டும் முதலில் இடித்தால் திரும்பப் போங்கள். கொஞ்சம் தேய்த்து விடுவார்கள். அதற்கு ஊசி கிடையாது.