தோட்டத்துப் பிள்ளை இரண்டு வார வெளிநாட்டுப் படிப்புக்குப் போவது எப்படி?

கம்பஸ் மூன்றாம் வருடத்தில் ஜெர்மனிக்கு இரண்டு வாரக் கோடைகாலப் படிப்பு ஒன்றுக்குப் போய் வந்தேன். இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், லயம் என்ற வரிசை வீட்டில் வளர்ந்தவள் நான். ஊருக்குப் போகும்போதெல்லாம் யாராவது ஒரு தங்கச்சியோ தம்பியோ வந்து, "அக்கா, எப்படிப் போனீங்க? எவ்வளவு செலவாச்சு?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்கு வாயால் சொன்னதையெல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன்.

நம் பிள்ளைகள் மார்க்ஸ் குறைந்து இந்த வாய்ப்புகளை இழந்ததை நான் அதிகம் பார்த்ததில்லை. தெரிவாகிவிட்டாய் என்று கடிதம் வந்த பிறகு பிறப்புச் சான்றிதழைத் தேடத் தொடங்கி, நாள் போய்விட்டதைத்தான் பார்த்திருக்கிறேன். அதனால் படிப்பைத் தேடுவதை இரண்டாம் படியாக வைத்திருக்கிறேன்.

முதல் படி: பெயரைச் சரிபாருங்கள்

பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, ஓ/எல், ஏ/எல் சான்றிதழ்கள், கம்பஸ் பதிவு அட்டை எல்லாவற்றையும் பாயில் பக்கத்துப் பக்கமாக விரித்து வையுங்கள். ஒவ்வொன்றிலும் உங்கள் பெயரை விரல் வைத்து எழுத்தெழுத்தாகப் படியுங்கள்.

என் பிறப்புச் சான்றிதழ் சிங்களத்தில் கையால் எழுதியது. தோட்டங்களில் பிறந்த பலருக்கும் அப்படித்தான். அதில் பெயரின் நடுவில் ஓர் எழுத்து விழுந்துபோயிருந்தது. அடையாள அட்டையில் அந்த எழுத்து இருந்தது. ஏ/எல் சான்றிதழில் அப்பா பெயருக்குப் பதில் முதலெழுத்து மட்டும். இருபது வருடமாக வீட்டில் யாரும் இதைக் கவனிக்கவில்லை, கவனிக்க வேண்டிய தேவையும் வரவில்லை. ஆனால் விசா பார்ப்பவர் கண்ணுக்கு அது மூன்று வேறு வேறு ஆள்.

பிறப்புச் சான்றிதழிலேயே பிழை என்றால் பிரதேச செயலகத்தில் இருக்கும் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் திருத்தத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். இது மெதுவாக நகரும் வேலை, மாதக்கணக்கில் இழுக்கலாம். மற்றச் சான்றிதழ்களில் சின்ன வித்தியாசம் என்றால், இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று சமாதான நீதவான் முன்னால் சத்தியக் கடதாசி முடித்துக்கொள்ளலாம். சான்றிதழை ஆங்கிலத்தில் மாற்ற சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளரிடம் போவீர்கள் இல்லையா? அடையாள அட்டையில் உங்கள் பெயர் ஆங்கிலத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியே ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி அவர் கையில் கொடுங்கள். இல்லாவிட்டால் அவர் காதுக்குக் கேட்டபடி எழுதுவார், உங்களுக்கு நான்காவது பெயர் ஒன்று வந்துவிடும்.

அப்புறம் கடவுச்சீட்டு. படத்தை, குடிவரவு குடியகல்வுத் திணைக்களம் அங்கீகரித்த ஸ்டூடியோவில்தான் எடுக்க வேண்டும். அவர்கள் படத்தை நேரே திணைக்களத்துக்கு அனுப்பிவிட்டு உங்களுக்கு ஒரு ரசீது தருவார்கள், அதைத் தொலைத்துவிடாதீர்கள். கைவிரல் அடையாளமும் கொடுக்க வேண்டும். பத்தரமுல்லை வரை போக வேண்டும் என்றில்லை, கண்டியிலும் பிராந்திய அலுவலகம் இருக்கிறது.

விலாசம் இன்னொரு தொல்லை. லயத்து வீட்டுக்கென்று தனி விலாசம் இல்லாத தோட்டங்கள் இன்னும் இருக்கின்றன. கடிதம் தோட்ட ஆபிசுக்குப் போய், அங்கிருந்து யாராவது கொண்டுவந்து தந்தால்தான் உண்டு. எனக்கு வந்த கடிதம் ஒன்று அப்படி ஒரு மேசையில் பதினொரு நாள் கிடந்தது. இன்னும் ஒரு வாரம் கிடந்திருந்தால் என் பயணம் அதோடு முடிந்திருக்கும். கம்பஸ் விடுதியையோ, டவுனில் கடை வைத்திருக்கும் மாமா, சித்தப்பா யாரையாவதையோ கேட்டு அந்த விலாசத்தைக் கொடுங்கள்.

இரண்டாம் படி: யார் செலவில் போகும் படிப்பு?

குறுங்காலப் படிப்புகள் பலவிதம். உங்கள் பாக்கெட்டைப் பொறுத்தவரை மூன்று வகை என்று வைத்துக்கொள்ளலாம்.

முதலாவது, பல்கலைக்கழகத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் ஒப்பந்தம் இருந்து போவது. ஐரோப்பாவின் எராஸ்மஸ் பிளஸ் இதில் பெரியது. இரண்டு மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை அங்கே படிக்கலாம். அந்தப் பல்கலைக்கழகம் கல்விக் கட்டணம் வாங்காது. மாதம் 800 முதல் 900 யூரோ வரை உதவித்தொகையும், தூரத்தைப் பொறுத்துப் பயணச் செலவும் கிடைக்கும். ஆனால் தனியாளாக நேரே விண்ணப்பிக்க முடியாது, உங்கள் பல்கலைக்கழகத்தின் வழியாகத்தான் போக வேண்டும்.

இரண்டாவது, ஒரு நாடு அழைத்துப் போவது. விஞ்ஞானம், தொழில்நுட்பம் படிப்பவர்களுக்கு ஜப்பானின் சகுரா சயன்ஸ் திட்டம் நல்ல உதாரணம். ஜப்பான் விஞ்ஞான தொழில்நுட்ப முகவரகம் 2014 முதல் நடத்துகிறது. அதிலும் விண்ணப்பம் போடுவது ஜப்பானில் உள்ள நிறுவனம்தான், உங்கள் விரிவுரையாளருக்கு அங்கே தொடர்பு இருந்தால் கதவு திறக்கும்.

மூன்றாவது, நீங்களே தேடி விண்ணப்பிக்கும் கோடைகாலப் படிப்பு. கட்டணம் உண்டு, சில இடங்களில் கட்டணக் கழிவும் உண்டு. நான் போனது இந்த வகை. உணவு வயலிலிருந்து கடைக்கு எப்படிப் போகிறது என்பதுதான் பாடம். கட்டணத்தில் பெரும்பகுதியை அவர்களே கழித்தார்கள்.

பேராதனையோ ஊவா வெல்லஸ்ஸவோ, எங்கே படித்தாலும் சர்வதேச விவகாரங்களைப் பார்க்கும் அலுவலகம் எங்கே என்று கேட்டு இந்த வாரமே ஒருமுறை போய் வாருங்கள். அறிவித்தல் பலகையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாமல் உள்ளே போய்ப் பேசுங்கள்.

மூன்றாம் படி: ஊர் சுற்றலா, ஊரில் வாழ்வதா?

பதினான்கு நாளில் ஐந்து நகரம் காட்டுகிறோம் என்றால் நான் போக மாட்டேன். நாளின் பாதி பஸ்ஸில் போய்விடும். ஒரே ஊரில், முடிந்தால் ஒரு குடும்பத்தின் வீட்டில் தங்க வைக்கும் படிப்பைத் தேடுங்கள். இரவுச் சாப்பாட்டு மேசையில் யார் இருப்பார்கள், என்ன பாஷை பேசுவார்கள் என்று மின்னஞ்சலில் கேளுங்கள். அந்தப் பதிலிலேயே படிப்பின் தரம் தெரிந்துவிடும்.

நான்காம் படி: விண்ணப்பக் கடிதம்

"பிற நாட்டுக் கலாசாரங்களை அறிய எனக்கு மிகுந்த ஆர்வம் உண்டு" என்றுதான் நானும் முதலில் எழுதினேன். என் விரிவுரையாளர் அந்த வரியை வெட்டிவிட்டு, "உன் வீட்டில் நடப்பதை எழுது" என்றார். அன்று இரவு உட்கார்ந்து எழுதியது இது:

"மாலையில் கொழுந்து நிறுக்கும்போது தராசு 18 கிலோ காட்டும். ஈரத்துக்கும் சாக்குக்கும் என்று 2 கிலோ கழித்து 16 என்று எழுதுவார்கள். வெயில் காய்ந்த நாளிலும் ஈரத்துக்குக் கழிப்பார்கள். தராசின் முள் எழுதுபவர் பக்கம் திரும்பியிருக்கும், பறித்த என் அம்மாவுக்குத் தெரியாது. உங்கள் ஊர்ப் பண்ணைகளில் யார் நிறுக்கிறார்கள், யார் பார்க்கிறார்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும்."

இதைப் படித்துத்தான் என்னைத் தெரிவு செய்ததாகப் பிறகு சொன்னார்கள். உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று இருக்கும். குழந்தைகளை விட்டுப் போகும் பிள்ளைக்காம்பராவில் இருக்கலாம், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் இருக்கலாம், மண்சரிவுக்குப் பயந்து பள்ளிக்கூடத்தில் படுத்த ராத்திரியாக இருக்கலாம். அதை எழுதுங்கள். இரக்கம் கேட்டு எழுதாதீர்கள், கேள்வி கேட்டு எழுதுங்கள்.

ஐந்தாம் படி: விசாவும் காசும்

ஜெர்மனி போன்ற பெரும்பாலான ஐரோப்பிய நாடுகளுக்கு என்றால், அவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசா. குறுங்கால விசாவில் எந்த 180 நாளிலும் 90 நாள் வரைதான் இருக்கலாம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், கடைசி எல்லை 15 நாள். அந்த எல்லை வரை காத்திருக்காதீர்கள், மூன்று மாதம் முன்பே போட்டுவிடுங்கள். திரும்பி வரும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் கடவுச்சீட்டு செல்லுபடியாக வேண்டும். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்புறுதி வேண்டும்.

விசாக் கட்டணம் 90 யூரோ. 2024இல் வர்த்தமானியில் வந்த 1,350 ரூபாய் நாட்சம்பளத்தில் கணக்குப் பார்த்தால், அம்மாவுக்கு இருபதுக்கு மேல் பேர், அதாவது முழு நாள் வேலை, விழ வேண்டும். ஆனால் படிப்புக்காகப் போகும் மாணவருக்கு இந்தக் கட்டணம் இல்லை என்று ஷெங்கன் விசாச் சட்டத்திலேயே இருக்கிறது. பலர் இது தெரியாமல் கட்டிவிடுகிறார்கள். அழைப்புக் கடிதத்தையும் கம்பஸ் கடிதத்தையும் காட்டிக் கேளுங்கள். விண்ணப்பம் வாங்கும் நிலையத்தின் சேவைக் கட்டணம் மட்டும் தனி.

வங்கிக் கணக்குக்கென்று கடன் வாங்கி ஒரே நாளில் பெரிய தொகையைப் போடாதீர்கள். எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். யார் எந்தச் செலவை ஏற்கிறார்கள் என்று அழைப்பவர்களிடம் தெளிவாக எழுதி வாங்குங்கள், விடுமுறை முடிந்து மாணவி திரும்பி வந்து பரீட்சை எழுத வேண்டும் என்று கம்பஸிலும் ஒரு கடிதம் வாங்குங்கள். கையில் பணம் குறைந்த பிள்ளைக்கு இந்த இரண்டு கடிதமும் பெரிய பலம்.

ஆறாம் படி: புறப்படும் முன்

கோடைகாலப் படிப்புகள் பெரும்பாலும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. நம் பக்கம் அது அடைமழைக் காலம். கினிகத்தேனப் பக்கம் மண் சரிந்தால் பாதை எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியாது. விமானத்துக்கு முதல் நாளே கொழும்புக்குப் போய்விடுங்கள்.

தங்கும் வீட்டுக்குத் தேயிலை கொண்டு போகலாம். பால்கோவா, நெய்ப் பலகாரம் வேண்டாம், பால் பொருளும் இறைச்சியும் பயணப் பையில் ஐரோப்பாவுக்குள் விடமாட்டார்கள். கறிவேப்பிலையும் அப்படித்தான், அதற்குத் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள்.

நம் பெயர் முறையையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். குடும்பப் பெயர் என்ற இடத்தில் அப்பாவின் பெயர் இருந்ததால், முதல் இரண்டு நாளும் வகுப்பில் என்னை அப்பா பெயரால்தான் கூப்பிட்டார்கள். மலையில் கவ்வாத்து வெட்டும் மனிதரின் பெயர் அந்த வகுப்பறையில் கேட்டது எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. ஆனாலும் மூன்றாம் நாள் விளக்கிச் சொன்னேன்.

ஏழாம் படி: அங்கே இருக்கும் நாட்கள்

நான் இருந்த வீட்டில் இரவுக்கு அடுப்பே மூட்ட மாட்டார்கள். பாண், சீஸ், வெட்டிய வெள்ளரிக்காய், அவ்வளவுதான். நாலாவது நாள் சோறும் பருப்பும் கண்ணுக்குள் வந்து நின்றன, அழுதுவிட்டேன். அந்த நாலாம், ஐந்தாம் நாள் பலருக்கும் கஷ்டம். அப்போது அறைக்குள் முடங்காமல் சமையலறைக்குப் போய் ஏதாவது ஒரு வேலையைக் கேட்டு வாங்கிச் செய்யுங்கள். நான் அடுத்த நாள் அவர்களுக்கு ரொட்டியும் கட்டச் சம்பலும் செய்து கொடுத்தேன், அதற்குப் பிறகுதான் அந்த மேசையில் பேச்சு ஓடியது.

வீட்டுக்குப் பேச ஒரு நேரத்தை முன்பே குறியுங்கள். கோடையில் ஜெர்மனி நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால். எங்கள் லயத்தில் சிக்னல் இல்லை, அம்மா கோயிலடிக்கு ஏறி வந்துதான் பேசுவார். இருட்டில் அவரை ஏறவிடாமல் அங்கே பகல் பன்னிரண்டுக்கு, அதாவது இங்கே மாலை மூன்றரைக்குப் பேசினேன், ஞாயிற்றுக்கிழமை மட்டும்.

ஒரு கொப்பி வைத்து, தினமும் கண்ணால் கண்ட ஒன்றை மட்டும் எழுதுங்கள். கருத்தை அப்புறம் எழுதலாம். ஒன்பதாம் நாள் எங்களை ஸ்ட்ரோபெரித் தோட்டம் ஒன்றுக்குக் கூட்டிப் போனார்கள். பறிப்பவர்களில் ருமேனியாவிலிருந்து பருவ வேலைக்கு வந்த பெண்கள் அதிகம். ஒரு பெண் தட்டைத் தராசில் வைத்து, தன் அட்டையைக் காட்டி, இலக்கத்தைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனார். என் கொப்பியில் அன்றைக்கு ஒரே வரிதான்: "தராசின் முகம் பறிப்பவர் பக்கம் திரும்பியிருக்கிறது." என் இறுதி அறிக்கை முழுவதும் அந்த ஒரு வரியிலிருந்து வந்தது.

எட்டாம் படி: கிரெடிட்டும் பெறுபேறும்

ஐரோப்பாவில் ஒரு கிரெடிட் என்றால் 25 முதல் 30 மணி நேர வேலை. இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் ஒரு கிரெடிட் 50 மணி நேரம். ஆகவே அவர்களுடைய இரண்டு, நம்முடைய ஒன்றுக்குக் கிட்ட வரும். நான் வாங்கி வந்தது மூன்று. அதைப் பீடம் ஏற்குமா என்று போகும் முன்பே எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், வந்த பிறகு கேட்டால் பதில் கிடைப்பது கஷ்டம்.

பெறுபேற்றுத் தாளைக் கையில் தரும்போது அங்கேயே நின்று உங்கள் பெயரை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். என்னுடையதில் அப்பாவின் பெயர் விடுபட்டிருந்தது, ஊருக்கு வந்துதான் கவனித்தேன். திருத்தி வாங்க நாலு மாதம் மின்னஞ்சல் போட்டேன். அந்த அலுவலகம் நான் தங்கியிருந்த வீட்டிலிருந்து பத்து நிமிட நடைதான்.