சிறிய கலைக்கூடத்தில் ஓவியக் கண்காட்சியும் தொடக்க மாலையும்: முதன்முறையாக நடத்துவோருக்கான வழிமுறை

கண்காட்சி என்றாலே பெரிய கட்டடமும் பெரும் பணமும் வேண்டும் என்று பலர் தயங்குகிறார்கள். 1874-இல் மோனே, ரென்வார், தெகா, பிசாரோ முதலான ஓவியர்கள், பாரிசின் அதிகாரபூர்வ ஆண்டுக் கண்காட்சியை நம்பியிராமல், ஒரு புகைப்படக் கலைஞர் காலிசெய்திருந்த ஸ்டூடியோ அறைகளில் தங்கள் படங்களைத் தாங்களே ஏற்பாடு செய்து ஒரு மாத காலம் காட்டினார்கள். இரவு நேரத்திலும் கூடம் திறந்திருந்தது. ஆகவே இடத்தின் அளவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். வருகிறவர் ஒரு படத்தின் முன் தடையின்றி நின்று பார்க்க முடிகிறதா என்பதையே ஒவ்வொரு படியிலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 1: எழுத்தில் உடன்பாடு

கலைஞர் எவ்வளவு நெருங்கிய நண்பராக இருந்தாலும், கண்காட்சி நடைபெறும் நாட்கள், ஒவ்வொரு படத்தின் விலை, விற்றால் கூடத்துக்குரிய பங்கு, பணம் எத்தனை நாளில் கலைஞரைச் சேரும், படம் சேதமடைந்தால் யார் பொறுப்பு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். வணிகக் கூடங்கள் விற்பனைத் தொகையில் 40 முதல் 50 விழுக்காடு வரை எடுத்துக்கொள்வது பரவலான வழக்கம். இலாப நோக்கமற்ற சிறு கூடங்கள் இதைவிடக் குறைவாகப் பெறுவதும் உண்டு. படங்கள் வந்து சேர்ந்ததும், கலைஞரை அருகில் வைத்துக்கொண்டே, முன்பக்கம், பின்பக்கம், நான்கு மூலைகள் என்று போட்டோ எடுத்து, ஏற்கெனவே உள்ள கீறல்களையும் கறைகளையும் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: தேர்வும் அடுக்கும்

கலைஞர்கள் பெரும்பாலும் சுவர் தாங்குவதைவிட அதிகமான படங்களைக் கொண்டுவருவார்கள். நெருக்கி மாட்டிய நல்ல படங்களைவிட இடம்விட்டு மாட்டிய சில படங்களே நினைவில் நிற்கும் என்பது என் உறுதியான கருத்து; கலைஞர் வருத்தப்பட்டாலும், பொறுமையாகப் பேசி எண்ணிக்கையைக் குறையுங்கள். தேர்ந்தவற்றைத் தரையில் மெத்தென்ற துணி விரித்துச் சுவரோரம் சாய்த்து வைத்து, இடம் மாற்றி மாற்றிப் பாருங்கள். வாசலில் நுழைந்ததும் கண்ணில் படும் சுவருக்கு எந்தப் படம் என்பதை முதலில் முடிவு செய்தால், மற்றவை தம் இடத்தைத் தேடிக்கொள்ளும்.

படி 3: மாட்டுதல்

இந்த வேலையில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். படத்தின் மேல் விளிம்பை ஒரே கோட்டில் வைக்க முயலாமல், ஒவ்வொரு படத்தின் நடுப்புள்ளியும் தரையிலிருந்து ஒரே உயரத்தில் அமையும்படி வையுங்கள். நிற்பவரின் கண்மட்டத்தை ஒட்டி 145 முதல் 152 செ.மீ. வரை அந்த உயரத்தைக் கூடங்கள் வைத்துக்கொள்கின்றன. கணக்கு எளிது. படத்தின் உயரத்தில் பாதியை நடு உயரத்தோடு கூட்டி, படத்தைத் தொங்கவிடும் பின்புறக் கம்பியை விரலால் மேலே இழுத்துப் பிடிக்கும்போது அதற்கும் படத்தின் மேல் விளிம்புக்கும் உள்ள தூரத்தைக் கழித்தால், கொக்கி வரவேண்டிய உயரம் கிடைத்துவிடும். 60 செ.மீ. உயரமுள்ள படம், கம்பித் தூரம் 8 செ.மீ. என்றால், 145-உடன் 30-ஐக் கூட்டி 8-ஐக் கழிக்க, கொக்கி 167 செ.மீ. உயரத்தில் வரும்.

இடைவெளிக்கும் இதேபோல் ஒரு கணக்கு உண்டு: 600 செ.மீ. சுவரில் ஐந்து படங்களின் அகலம் மொத்தம் 300 செ.மீ. என்றால், மீதி 300 செ.மீ.-ஐ, சுவரின் இரு ஓரங்களையும் சேர்த்து, ஆறு இடைவெளிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 50 செ.மீ. விடலாம். கனமான படங்களுக்கு இரண்டு கொக்கிகள் வைத்தால் படம் ஒருபக்கம் சாயாது. மாட்டியபின் ரசமட்டம் வைத்துச் சரிபாருங்கள்.

படி 4: ஒளியும் விவரச் சீட்டும்

விளக்கின் ஒளி செங்குத்துக் கோட்டிலிருந்து ஏறக்குறைய 30 பாகைச் சாய்வில் படத்தின் மேல் விழுந்தால், கண்ணாடியில் பளபளப்பும் சட்டகத்தின் நிழலும் குறையும். நீர்வண்ணம், பென்சில் ஓவியம் போன்ற தாள் படைப்புகளுக்கு 50 லக்ஸ் (படத்தின் மேல் விழும் ஒளியை அளக்கும் அலகு) அளவையும், எண்ணெய் வண்ணத்துக்கு 200 லக்ஸ் அளவையும் அருங்காட்சியகங்கள் வரம்பாகக் கொள்கின்றன. ஒளியால் மங்கிய நிறம் மீளாது என்பதால், தாள் படைப்புகளை நேர் வெயில் படும் சுவரில் ஒருபோதும் மாட்டாதீர்கள். விவரச் சீட்டில் கலைஞர் பெயர், தலைப்பு, ஆண்டு, ஊடகம் (எண்ணெய் வண்ணம், நீர்வண்ணம் போன்றவை), அளவு ஆகியவை போதும். அளவில் உயரத்தை முதலிலும் அகலத்தை அடுத்தும் எழுதுவது வழக்கம்.

படி 5: தொடக்க மாலை

கண்காட்சியைத் திறந்து வைக்கும் மாலை நிகழ்ச்சிக்கு இரண்டு மணி நேரம் போதுமானது. பானங்களும் தின்பண்டங்களும் உள்ள மேசையைப் படமில்லாத சுவரோரம் வையுங்கள்; மேசையைச் சுற்றிக் கூட்டம் நிற்கும்போது, அதன் பின்னால் இருக்கும் படத்தை அந்த மாலை முழுவதும் யாருமே பார்க்க மாட்டார்கள். தோள்பைகள் படங்களில் உரசாதிருக்க, அவற்றை வாங்கி வைக்க வாசலருகே ஒருவரை நிறுத்துங்கள். முதியவர்களுக்குச் சில நாற்காலிகளும், சக்கர நாற்காலி தாராளமாகத் திரும்பும் வழியும் இருக்கட்டும்.

கூட்டம் சேர்வதற்கு அரை மணி நேரம் விட்டு, அதன்பின் கலைஞரை ஐந்து நிமிடம் பேசச் சொல்லுங்கள். நீண்ட வரவேற்புரைகளும் பொன்னாடைகளும் பார்க்கும் நேரத்தை விழுங்கிவிடும். கலைஞரில் பலர் கூச்ச சுபாவம் உடையவர்கள். அவருக்குத் துணையாக ஒருவர் கூடவே இருந்து, ஒரே ஆள் அவரை நெடுநேரம் பிடித்துவைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அறிமுகப்படுத்தும்போது வெறும் பெயரைச் சொல்லாமல், "இவர் அந்த மூலையிலுள்ள ஆற்றுப் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றிருந்தார்" என்று சொல்லிப் பாருங்கள். அந்த நீலத்தின் மேல் ஏன் இத்தனை கீறல்கள் என்று அவர் கேட்க, கலைஞரும் தயக்கம் விட்டுப் பேசத் தொடங்குவார். வாங்கும் எண்ணமில்லாமல் வருகிறவருக்கும் இதே கவனம் தரப்பட வேண்டும்.

விலைப்பட்டியலை மேசையில் எவரும் கேட்காமலே எடுத்துப் பார்க்கும்படி வையுங்கள். ஒரு படத்துக்கு முன்பணம் வந்ததும், அது விற்றுவிட்டது என்பதைக் காட்டும் சிவப்புப் புள்ளியை விவரச் சீட்டில் ஒட்டுங்கள். படத்திலோ சட்டகத்திலோ ஒட்டக் கூடாது. வாங்கியவரிடம், கண்காட்சி முடிந்த பிறகே படம் கைக்கு வரும் என்பதை அப்போதே தெளிவுபடுத்தி, ரசீது கொடுங்கள்.

படி 6: இறக்குதல்

விற்காத படங்களை முதலில் எடுத்த போட்டோக்களோடு ஒப்பிட்டு, கலைஞர் முன்னிலையில் பொதிந்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். விற்றவற்றின் தொகையை உடன்பாட்டில் குறித்த நாளுக்குள், கணக்குத் தாளுடன் செலுத்திவிடுங்கள். சுவரிலுள்ள துளைகளைப் பட்டி வைத்து அடைத்து, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்து, அதே வண்ணத்தைப் பூசினால் அடுத்த கலைஞருக்குச் சுவர் தயார்.