நெட்வொர்க் ஏன் மறுத்தது? 4ஜி மோடத்தின் பேச்சை வயர்ஷார்க்கில் படிக்கும் முறை

லினக்ஸில் செருகிய 4ஜி மோடம் இணைப்பு எடுக்காவிட்டால், ஏபிஎன் (டேட்டா இணைப்புக்கான நுழைவாயில்) பெயரை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பதுதான் பலரின் வழக்கம். நெட்வொர்க் ஒரு கோரிக்கையை மறுக்கும்போது காரணத்தையும் ஓர் எண்ணாகச் சேர்த்தே அனுப்புகிறது. அந்த எண் மோடம்வரை வந்துவிடுகிறது. மேலே இருக்கும் மென்பொருள் அதை "இணைப்பு தோல்வி" என்று சுருக்கிவிடுவதால்தான் நம் கண்ணில் படுவதில்லை. மோடத்தின் உள் பதிவை எடுத்து, வயர்ஷார்க் என்ற பாக்கெட் படிக்கும் மென்பொருளில் பார்த்தால் அந்த எண் தெரியும்.

சாமான்கள் அதிகமில்லை. மினி பிசிஐஇ வடிவில் குவெக்டெல் இஜி25-ஜி அல்லது இசி25-இ, சிம் துளையுள்ள யுஎஸ்பி அடாப்டர், இரண்டு ஆன்டெனா, லினக்ஸ் மடிக்கணினி. பைன்ஃபோனுக்குள் இருப்பதும் இதே இஜி25-ஜி தான். பழைய சரக்காக வாங்கினால் மோடத்தின் மேல் ஒட்டியுள்ள முழுப் பெயரைப் படித்துவிட்டு வாங்குங்கள். இசி25-ஏ அமெரிக்காவுக்கானது, 4ஜி அலைவரிசைத் தொகுதிகளில் (பேண்ட்) 2, 4, 12 மட்டுமே பிடிக்கும். சிங்கப்பூரில் 4ஜி ஓடுவது பேண்ட் 3, 7, 8 போன்றவற்றில் என்பதால் அது இங்கே எவ்வளவு தேடினாலும் ஒரு செல்லையும் (அலைக்கோபுரம் தரும் இணைப்புப் பகுதி) காணாது. ஆன்டெனா பொருத்தும் யுஎஃப்எல் முனைகள் முப்பது தடவை கழற்றி மாட்டத்தான் செய்யப்பட்டவை. ஒருமுறை மாட்டியதை அப்படியே விட்டுவிடுவது நல்லது.

மின்சாரத்தில்தான் முதல் சறுக்கல். இந்த மோடம் அலைபரப்பும் உச்சக் கணத்தில் 2 ஆம்பியர்வரை இழுக்கும். சாதாரண யுஎஸ்பி 2 துளை தருவது அரை ஆம்பியர். சும்மா இருக்கும்போது எல்லாம் சரியாகத் தெரியும், இணையப் போகும் நொடியில் யுஎஸ்பி அறுந்து மறுபடி தோன்றும். கெர்னல் செய்திகளைக் காட்டும் டிமெஸ்ஜி (dmesg) பதிவில் அப்படிக் கண்டால் நெட்வொர்க்கைக் குறை சொல்லாதீர்கள், தனி அடாப்டரில் ஓடும் ஹப் ஒன்றை இடையில் வையுங்கள்.

இதில் நாம் செய்வதெல்லாம் நம் சிம், நம் மோடம் பேசுவதைப் படிப்பது மட்டுமே. எஸ்டிஆர் (மென்பொருளால் இயங்கும் ரேடியோ) பலகை வாங்கி வீட்டிலேயே செல் எழுப்புவது வேறு கதை. உரிமமில்லாமல் அந்த அலைவரிசைகளில் அலைபரப்பினால் சிங்கப்பூரின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ஐஎம்டிஏவுக்குப் பதில் சொல்ல வேண்டிவரும்.

மோடத்தைச் செருகியதும் நான்கு சீரியல் போர்ட்டுகள் வரும். டிடிஒய்-யுஎஸ்பி0 என்பது மோடச் சிப் தயாரித்த குவால்காமின் டயக் போர்ட் (மோடத்தின் உள் பதிவு வரும் வழி), 1 ஜிபிஎஸ், 2 ஏடி கட்டளைகளுக்கு (மோடத்துக்கு எழுத்தில் தரும் உத்தரவுகள்), 3 பழைய பாணி டயல்-அப்புக்கு. வேறு யுஎஸ்பி சீரியல் கருவி ஏதும் செருகியிருந்தால் எண்கள் நகர்ந்துவிடும். உங்கள் பயனர் பெயர் டயல்அவுட் குழுவில் இருக்க வேண்டும். மோடங்களைத் தானே இயக்கும் மோடம்மேனேஜர் சேவையை நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் கட்டளை தட்டும்போது அதுவும் குறுக்கே பேசும்.

டயக் போர்ட்டைப் படிக்க ஸ்கேட், க்யூசிசூப்பர் என்று இரண்டு திறமூலக் கருவிகள் உண்டு, இரண்டும் பைத்தானில் எழுதியவை. ஸ்கேட்டுக்குச் சின்ன டி தெரிவில் 'க்யூசி', சின்ன எஸ் தெரிவில் டயக் போர்ட்டின் பாதை, பெரிய எஃப் தெரிவில் பிகேப் (பாக்கெட் பதிவு) கோப்பின் பெயர் கொடுத்தால் போதும். கோப்பின் பெயரைக் கொடுக்காவிட்டால் எல்லாவற்றையும் வயர்ஷார்க் புரிந்துகொள்ளும் ஜிஎஸ்எம்டேப் வடிவில் உள்கணினியின் யுடிபி 4729 போர்ட்டுக்கு அனுப்பும். வயர்ஷார்க்கை லூப்பேக் (கணினி தனக்கே அனுப்பிக்கொள்ளும்) இடைமுகத்தில் வைத்து நேரடியாகப் பார்க்கலாம். அப்போது ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் பின்னால் "போர்ட் அன்ரீச்சபிள்" என்று ஐசிஎம்பி பிழைச் செய்தி வந்து திரையை நிறைக்கும், ஏனென்றால் 4729-ல் கேட்க ஆளில்லை. நெட்கேட் கருவியை அந்தப் போர்ட்டில் உட்காரவைத்து, வருவதை டெவ்-நல் என்ற வெற்றுக் குழிக்குத் தள்ளிவிட்டால் தொல்லை ஓயும்.

வரிசை முக்கியம். முதலில் பிகோகாம் என்ற சீரியல் முனையம் வழியாக ஏடி போர்ட்டைத் திறந்து ஏடி+சிஎஃப்யுஎன்=4 கொடுத்து ரேடியோவை அணையுங்கள். பிறகு ஸ்கேட்டை ஓடவிடுங்கள். அதற்குப் பின்தான் ஏடி+சிஎஃப்யுஎன்=1. மாற்றிச் செய்தால் இணையும் பேச்சு முழுவதும் தப்பிவிடும். யாரையோ அழைக்கும் பேஜிங் செய்திகள் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

இப்போது வயர்ஷார்க்கில் மேலிருந்து படியுங்கள். முதலில் செல் தன்னைப் பற்றி அறிவிக்கும் எம்ஐபி, அதன் பின் எஸ்ஐபி1. எஸ்ஐபி1-க்குள் நாட்டுக் குறியீடு 525 இருக்கும். கூடவே வரும் 01 சிங்டெல், 03 எம்1, 05 ஸ்டார்ஹப், 10 சிம்பா. பிறகு ஆர்ஆர்சி (ரேடியோ இணைப்பைக் கட்டுப்படுத்தும் அடுக்கு) கனெக்ஷன் ரிக்வெஸ்ட், செட்டப், செட்டப் கம்ப்ளீட். கடைசியாகச் சொன்னதன் வயிற்றுக்குள்தான் நெட்வொர்க்கில் சேரக் கேட்கும் அட்டாச் ரிக்வெஸ்ட் ஒளிந்திருக்கும், விரித்துப் பார்க்க வேண்டும். அடுத்து ஆதென்டிகேஷன், செக்யூரிட்டி மோட், அட்டாச் அக்செப்ட். காற்றில் இதில் பெரும்பகுதி மறைகுறியாக்கப்பட்டுத்தான் போகிறது. டயக் பதிவு மோடத்துக்குள், குறியாக்கத்துக்கு மேலிருக்கும் அடுக்கில் எடுக்கப்படுவதால் நமக்கு வெளிப்படையாகத் தெரிகிறது.

அட்டாச் ரிஜெக்ட் வந்தால் ஈஎம்எம் (நெட்வொர்க்கில் சேர்வதைக் கவனிக்கும் பகுதி) காரண எண்ணைத் தேடுங்கள். 19 என்றால் அங்கே நிற்காதீர்கள். அது வெறும் உறை, உள்ளே ஈஎஸ்எம் (டேட்டா இணைப்பைக் கவனிக்கும் பகுதி) காரணம் தனியாக இருக்கும். அது 27 என்றால் ஏபிஎன் பெயர் தவறு. 33 என்றால் பெயர் சரி, உங்கள் திட்டத்தில் அந்தச் சேவை இல்லை. ஏபிஎன்னை எவ்வளவு திருத்தினாலும் பயனில்லை, சேவை வழங்குநரைத்தான் கேட்க வேண்டும். 50 வந்தால் ஐபிவி4 முகவரிக்கு மட்டும் அனுமதி, 51 வந்தால் ஐபிவி6-க்கு மட்டும். ஈஎம்எம் 11 வேற்று நெட்வொர்க்கில் போய்த் தட்டியதன் அடையாளம். 15 என்றால் அந்தப் பகுதியில் உங்களுக்கு அனுமதியில்லை, வேறு செல்லைத் தேடு என்று பொருள். ஏபிஎன்னை ஏடி+சிஜிடிகான்ட் கட்டளையில் முதல் சூழலில் (இணைப்பு அமைப்பு எண் 1) எழுதுங்கள். இந்த மோடம் அட்டாச் செய்யும்போது எடுப்பது முதலாவதைத்தான். இரண்டாவதில் சரியான பெயரை எழுதிவைத்துவிட்டு 27 ஏன் வருகிறது என்று மண்டையை உடைத்துக்கொள்வது ரொம்பச் சாதாரணம்.

ஏபிஎன்னைத் திருத்திய பிறகும் மோடம் வாய் திறக்காமல் கிடந்தால் பயப்பட வேண்டாம். அட்டாச் முயற்சி தோற்றால் டி3411 என்ற நேரக்கணக்கில் 10 நொடி பொறுத்து மறுபடி முயலும். ஐந்து முறை தோற்றால் டி3402 தொடங்கும், அதன் இயல்பு அளவு 12 நிமிடம். அந்த நேரத்தில் திரையில் அசைவே இருக்காது. சிஎஃப்யுஎன் 4, பிறகு 1 கொடுத்தால் கணக்கு புதிதாகத் தொடங்கும்.

குரல் அழைப்புக்கு இங்கே இன்னொரு சிக்கல். சிங்கப்பூரில் 2ஜி 2017-லும் 3ஜி 2024-லும் மூடப்பட்டதால் வோல்டிஇ (4ஜி வழியே குரல்) இல்லாமல் அழைப்பு போகாது. அட்டாச் அக்செப்டில் 'நெட்வொர்க் ஃபீச்சர் சப்போர்ட்' பகுதியை விரித்து, ஐஎம்எஸ் (வோல்டிஇயைத் தாங்கும் அமைப்பு) குரல் பிட் 1 என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால், மோடம் தானாகவே 'ஐஎம்எஸ்' என்ற பெயரில் இரண்டாவது பிடிஎன் (டேட்டா இணைப்பு) கோரிக்கை அனுப்ப வேண்டும். அனுப்பவில்லையென்றால் குறை நம் பக்கம்: மோடத்துக்குள் தேர்வாகியிருக்கும் எம்பிஎன் (சேவை வழங்குநருக்கேற்ற) அமைப்பு பொருந்தவில்லை. ஏடி+க்யூஎம்பிஎன்சிஎஃப்ஜி கட்டளையில் பட்டியலை எடுத்து, தானியங்கித் தேர்வை அணைத்து, 'ரோ ஜெனரிக் 3ஜிபிபி' என்பதைத் தேர்ந்து மோடத்தை மறுதொடக்கம் செய்யுங்கள். எண்ணை டயல் செய்ததும் எக்ஸ்டென்டட் சர்வீஸ் ரிக்வெஸ்ட் போகிறதென்றால், மோடம் இன்னும் இல்லாத 3ஜிக்கு இறங்கப் பார்க்கிறது.

அலை பலவீனமானால் என்ன ஆகும் என்று சோதிக்க, புதிய வீவக (அரசுக் குடியிருப்பு) வீடுகளில் சோதனைக்கூடமே கட்டிக் கொடுத்திருக்கிறார்கள்: பாம் ஷெல்டர் எனும் குண்டுவெடிப்புக் காப்பறை. தடித்த கான்கிரீட் சுவர், எஃகுக் கதவு. அரிசி மூட்டையையும் துணி உலர்த்தும் கம்பியையும் தள்ளிவைத்துவிட்டு மடிக்கணினியோடு உள்ளே போய்க் கதவை மெதுவாகச் சாத்துங்கள். மெஷர்மென்ட் ரிப்போர்ட்டுகள் அடுத்தடுத்து வரும். அதில் ஆர்எஸ்ஆர்பி (அலை வலிமை) 45 என்று இருந்தால் 140-ஐக் கழியுங்கள், ஏறக்குறைய −95 டிபிஎம். எண் இறங்க இறங்க, பக்கத்துச் செல்லுக்கு மாற்றும் கட்டளை 'மொபிலிட்டி கன்ட்ரோல் இன்ஃபோ' தாங்கிய ரீகான்ஃபிகரேஷனாக வரும். வராமலே இணைப்பு அறுந்தால் ரீஎஸ்டாப்ளிஷ்மென்ட் ரிக்வெஸ்ட்டைக் காண்பீர்கள். கதவை முழுதாகச் சாத்திவிட்டால் எதுவுமே வராது.

பிகேப் கோப்பை அப்படியே மென்பொருள் பராமரிப்பவருக்கு அனுப்பும் பிழை அறிக்கையோடு ஏற்றிவிடாதீர்கள். அட்டாச் ரிக்வெஸ்ட்டிலும் ஐடென்டிட்டி ரெஸ்பான்ஸிலும் உங்கள் 15 இலக்க ஐஎம்எஸ்ஐ (சிம்மின் அடையாள எண்) இருக்கலாம். செக்யூரிட்டி மோட் கம்ப்ளீட்டுக்குள் மோடத்தின் ஐஎம்இஐ (கருவி அடையாள எண்) போயிருக்கும். எஸ்ஐபி1-ல் உள்ள செல் எண் நீங்கள் எந்த வட்டாரத்தில் இருக்கிறீர்கள் என்பதைக் காட்டிக் கொடுத்துவிடும். அந்த ஃபிரேம்களின் எண்களைக் குறித்துக்கொண்டு, வயர்ஷார்க்கோடு வரும் எடிட்கேப் கருவிக்கு மூலக் கோப்பு, புதுக் கோப்பு, நீக்க வேண்டிய எண்கள் என்ற வரிசையில் கொடுங்கள். மறுப்புச் செய்தி இருக்கும் ஃபிரேமை மட்டும் தவறியும் நீக்கிவிடாதீர்கள். ஏடி+சிஜிஎம்ஆர் தரும் ஃபர்ம்வேர் பதிப்பையும் தேர்வாகியிருக்கும் எம்பிஎன்னின் பெயரையும் அறிக்கையின் முதல் வரியிலேயே எழுதுங்கள். பராமரிப்பவர் முதலில் கேட்கப்போவது அவற்றைத்தான்.