திருவிழாத் தெருவில் கரகமும் பறையும்: படம் எடுக்கும் முறை

சாமி புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்விடுங்கள். தோல் பறையை வைக்கோல் தீயில் காய்ச்சிச் சூடேற்றுவது அப்போதுதான். தோல் இறுகினால்தான் ஓசை கணீரென்று வரும். சாயங்கால வெளிச்சம், புகை, பரபரப்பில்லாத முகங்கள் எல்லாம் அங்கே கிடைக்கும். குழுவை நடத்துபவரிடம் அனுமதி கேட்கவும் அதுதான் தோதான நேரம். கூட்டம் சூழ்ந்தபிறகு கேட்டால் பறைச் சத்தத்தில் யார் காதிலும் விழாது.

பறையடிப்பவருக்கு நேர் எதிரே நிற்காதீர்கள், வட்டப்பறை முகத்தை மறைத்துவிடும். சற்றுப் பக்கவாட்டில், மூன்று மீட்டர் தள்ளி, 35 மி.மீ. லென்ஸோடு நில்லுங்கள். ஷட்டர் வேகம் 1/500 நொடி வைத்தால் குச்சி உறைந்து நிற்கும். அடித்த வேகம் படத்தில் தெரியாது. 1/60க்கு இறக்கினால் குச்சி கலங்கி, முகம் ஓரளவு தெளிவாக நிற்கும். பத்து எடுத்தால் இரண்டு தேறும், அந்த இரண்டு போதும்.

கரகாட்டத்துக்குக் கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து, மேலே தாராளமாக இடம் விடுங்கள். கரகத்தின் உச்சியிலிருக்கும் கிளி வெட்டுப்படுவதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் தவறு. தவிலைக் காதில் வாங்கிக்கொண்டே இருங்கள்: வேகம் கூடி, தீர்மானம் (தாளத்தை முடிக்கும் அடி) வைத்து நிறுத்தும்போது ஆடுபவரும் ஒரு கணம் நிலைகொள்வார். அழுத்த வேண்டியது அங்கே. பித்தளையும் ஜிகினாவும் வெளுத்துப்போகாமலிருக்க எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) –0.7 வையுங்கள். ஆடும் பெண்களைத் தரையில் உட்கார்ந்து மேல்நோக்கி எடுப்பது அநாகரிகம், இடுப்பு உயரமே சரி. பொய்க்கால் குதிரைக்கு மட்டும் தாழ்ந்து எடுக்கலாம். கட்டைக்கால் படத்துக்குள் வராவிட்டால் அது வெறும் அட்டைக்குதிரைதான்.

இருட்டியபின் தொந்தரவு டியூப்லைட்டிலும் சீரியல் செட்டிலும் வரும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விளக்கு நொடிக்கு 100 முறை மினுக்கும். வேகமான ஷட்டரில் படத்தின் குறுக்கே கறுப்புப் பட்டைகள் விழும். 1/100 அல்லது 1/50 வைத்தால் பெரும்பாலும் அடங்கும். சில எல்இடி சரங்கள் எதற்கும் அடங்காது, அவற்றை விட்டு நகர்ந்துவிடுங்கள். 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸும் ஐஎஸ்ஓ 3200ம் தெருவெளிச்சத்துக்குப் போதும். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம்: ஜிகினா வெள்ளைப் புள்ளியாகும், அதைவிட முக்கியமாக, தலையில் கரகத்தோடோ கட்டைக்காலோடோ ஆடுபவரின் கண் கூசும்.

செல்போனில் நைட் மோடை அணையுங்கள். அது பல ஃபிரேம்களைச் சேர்த்து ஒரு படமாக்குவதால் ஆடுபவருக்கு நாலு கை முளைக்கும். திரையில் தெரியும் முகத்தில் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டி, பர்ஸ்டில் (அடுத்தடுத்துப் பல படங்களாக) எடுங்கள்.

எடுத்த படங்களைக் குழுவுக்கு அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாக அனுப்புங்கள். சாதாரணமாக அனுப்பினால் சுருங்கிவிடும். அவர்கள் ஃபிளக்ஸ் அடிக்க உதவாது.