சீனியை விட்டாச்சு, மரச்சீனியை?

சர்க்கரை நோய் என்று தெரிந்ததும் மார்த்தாண்டம், குலசேகரம் பக்கத்து வீடுகளில் முதலில் நிற்பது சாயாவில் போடும் சீனி. நல்லதுதான். ஆனால் அந்த இடத்துக்குக் கருப்பட்டி வந்துவிடுகிறது. அதிலும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான். ரத்தச் சர்க்கரையை அதுவும் ஏற்றும்.

இதைவிடப் பெரிய தவறு தட்டில் நடக்கிறது. மரச்சீனிக் கிழங்கு, அதாவது மரவள்ளி, இனிக்காது என்பதால் யாரும் அதைச் சந்தேகப்படுவதில்லை. பச்சைக் கிழங்கு 100 கிராமில் ஏறத்தாழ 38 கிராம் மாவுச்சத்து. வெந்த சோற்றில் சுமார் 28 கிராம். காலையில் தட்டு நிறையக் கிழங்கு, பேருக்கு ஒரு சாளை மீன், மதியம் வழக்கமான சோறு என்றால் மாத்திரை என்ன செய்யும்? கிழங்கு வேண்டுமென்றால் அந்த வேளைக்குச் சோறு கிடையாது. நாலைந்து சிறு துண்டு போதும். மீனைக் கூட்டுங்கள். துவரனையும் (தேங்காய் சேர்த்த காய்கறிப் பொரியல்) மீனையும் முதலில் சாப்பிட்டுவிட்டுக் கிழங்குக்கு வாருங்கள்; சர்க்கரை ஏறும் வேகம் குறையும்.

சம்பா அரிசியில் நார்ச்சத்து உண்டு, அதற்காக அளவு பார்க்காமல் போடக் கூடாது. குழைய வெந்த கஞ்சி சீக்கிரம் செரிக்கும். பயறு சேர்க்காமல் குடிக்காதீர்கள். பழுத்த ஏத்தன்பழம் (நேந்திரம்பழம்) பாதி போதும்.

பயந்துபோய் ராத்திரிச் சாப்பாட்டை விடுகிறவர்களும் உண்டு. கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு இது ஆபத்து, சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடும். வியர்வை, கைநடுக்கம் வந்து ரத்தச் சர்க்கரை அளவு 70-க்குக் கீழே போனால் 3 தேக்கரண்டி சீனியை (15 கிராம்) தண்ணீரில் கலந்து குடிக்க வேண்டும். 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

பரிசோதனைக்கு முந்தின நாள் மட்டும் வாயைக் கட்டுவதில் பயனில்லை. கடந்த 3 மாதச் சராசரியை ஹெச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனை காட்டிவிடும். வெறும் வயிற்று அளவோடு நிறுத்தாமல், கிழங்கு சாப்பிட ஆரம்பித்து 2 மணி நேரம் கழித்தும் பாருங்கள். பெரும்பாலோருக்கு 180-க்குள் இருக்க வேண்டும்.

நோயாளிக்கென்று தனிச் சட்டி வைத்தால் அது நீடிக்காது. துவரனும் மீனும் கூடிய சாப்பாடு வீட்டில் எல்லாருக்குமே நல்லது. விளம்புகிறவர் இரண்டாம் தடவை சோற்றுக்குப் பதில் துவரன் வைக்கட்டும். நோயாளியைத் திட்டினால் அவர் சாயாக்கடையில் போய்ப் பழம்பொரி தின்பார், வீட்டில் சொல்லமாட்டார்.